தெற்கே விழுந்த நிழல்

பெரிய வகுப்புப் பிள்ளைகளையும் சின்ன வகுப்புப் பிள்ளைகளையும் ஒன்றாக இருத்தி விஞ்ஞானம் செய்விக்கலாமா, அது சரிவருமா என்று புதிதாகப் படிப்பிக்க வந்திருக்கிற உங்களில் இரண்டு பேர் போன கிழமை என்னிடம் கேட்டீர்கள். சரிவரும். ஆனால் நீங்கள் நினைக்கிற காரணத்துக்காக அல்ல. பெரியவர்கள் சொல்லிக் கொடுப்பார்கள், சின்னவர்கள் கேட்டுப் படிப்பார்கள், உங்களுக்கும் கொஞ்சம் தொண்டை ஆறும் என்று நினைக்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். சண்டிலிப்பாயில் ஓலைக் கிடுகு வேய்ந்த ஒரு கொட்டிலுக்குள் அந்த நினைப்பு முதல் மாதத்திலேயே போய்விட்டது.

தொண்ணூறுகளின் தொடக்கம். வடக்குக் கரையோர ஊர்களிலிருந்து யுத்தத்தால் இடம்பெயர்ந்து வந்த சனம் எங்கள் பாடசாலை மண்டபத்திலும் வகுப்பறைகளிலும் இருந்தது. சேலைகளைக் கட்டி மறைத்து, ஒவ்வொரு மறைப்புக்குள்ளும் ஒரு குடும்பம். நாங்கள் மரத்தடியிலும் கொட்டில்களிலும் படிப்பித்தோம். ஆண்டு நான்குக்கும் ஆண்டு பத்துக்கும் சேர்த்து ஒரே கொட்டில். நடுவில் ஒரு கரும்பலகையை நிறுத்தி எல்லை பிரித்திருந்தார்கள். இந்தப் பக்கம் நான் அமிலம், காரம் என்று தொடங்கினால், அந்தப் பக்கம் நாலாம் வாய்ப்பாட்டை ராகம் போட்டுப் பாடுவார்கள். என்னுடைய பத்தாம் ஆண்டுப் பிள்ளைகள் கொஞ்ச நாளில் அமிலத்தை மறந்துவிட்டு வாய்ப்பாட்டில் கெட்டிக்காரர் ஆனார்கள்.

ஒரு நாள் பொறுமை போய் அதிபரிடம் சென்றேன். கிழமையில் ஒரு நாள், கடைசிப் பாடவேளையில், அந்தக் கரும்பலகையை எடுத்துவிடுகிறேன், இரண்டு வகுப்பும் சேர்ந்து விஞ்ஞானம் செய்யட்டும் என்றேன். எங்கள் அதிபர் நல்ல மனிதர். சத்தமும் பிடிக்காது, சண்டையும் பிடிக்காது. யாராவது குரலை உயர்த்தினால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்குவார்.

"அடுத்த வருசம் உந்தப் பிள்ளையளுக்குச் சோதனை ரீச்சர். தாய் தகப்பன் வந்து கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

"கொட்டில் ஒண்டுதான் இருக்குது எண்டு சொல்லுங்கோ சேர்."

கண்ணாடியைத் துடைத்துவிட்டுச் சம்மதித்தார். அப்படித்தான் தொடங்கியது. பெரிய கல்வித் தத்துவம் ஒன்றும் இல்லை.

முதல் நாள் தேசிக்காய்ப் புளியைச் சுண்ணாம்புக் கல்லில் விட்டு நுரைக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். ஒரு பெரிய பிள்ளைக்கு ஒரு சின்னப் பிள்ளை கூட்டு. அரசாங்கத்தின் பொருளாதாரத் தடையால் ரசாயனப் பொருள் ஒன்றும் வருவதில்லை, ஆனால் யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்புக் கல்லுக்கும் தேசிக்காய்க்கும் யார் தடை போட முடியும்? எனக்குக் கொஞ்சம் குறும்புக் குணம் உண்டு. சில கூட்டுக்குச் சுண்ணாம்புக் கல்லுக்குப் பதிலாக வெள்ளைக் கூழாங்கல்லைக் கழுவிக் கொடுத்தேன். பெரியவர்கள் தாங்களே பிழிந்தார்கள், தாங்களே எழுதினார்கள், சின்னவர்கள் சிரட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கூழாங்கல் கிடைத்தவர்களும் 'நுரைத்தது' என்றுதான் எழுதியிருந்தார்கள். ரியூசன் நோட்ஸில் அப்படித்தானே இருக்கிறது. சிலர் தேசிக்காயை வெட்டுவதற்கு முன்பே எழுதி முடித்திருந்தார்கள்.

"ஒண்டும் நுரைக்கேல்லை ரீச்சர்" என்று சொன்னது ஒரு நாலாம் ஆண்டுப் பிள்ளை. அவளுக்கு விடை தெரியாது. அதனால் கல்லைப் பார்த்திருக்கிறாள்.

அன்றைக்கே ஒரு சட்டம் போட்டேன். பெரியவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். தொடுவது, பிழிவது, அளப்பது எல்லாம் சின்னவர்கள். பெரியவர்கள் கேள்வி கேட்கலாம், பார்த்துச் சொன்னதை எழுதலாம், அவ்வளவுதான். அந்தச் சட்டத்தால் அவர்கள் பட்ட பாடு! பத்தாம் ஆண்டுப் பெடியன் ஒருவன் கையைக் கட்டிக்கொண்டு, சின்னவன் பிழையாகப் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டு, பல்லைக் கடித்து நிற்பதைப் பார்த்தால் எனக்கு உள்ளே சிரிப்பாக வரும். ஆனால் கொஞ்ச நாளில் கேள்வி கேட்கப் பழகிவிட்டார்கள். நல்ல கேள்விகள்.

அந்த வகுப்பில் கௌரி என்றொரு பிள்ளை இருந்தாள். பத்தாம் ஆண்டின் மொனிற்றர், வகுப்புத் தலைவி. எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய இரட்டைப் பின்னல், அதைவிட இறுக்கமான நியாயம். வகுப்பில் யாரும் அவளை ஏமாற்ற முடியாது, நான் உட்பட. அவளுக்குக் கூட்டாக வாய்த்தவள் வதனி. மண்டபத்தில் இருந்த குடும்பம் ஒன்றின் நாலாம் ஆண்டுப் பிள்ளை. கதை குறைவு. கௌரி அக்கா போகிற இடமெல்லாம் இரண்டடி பின்னால் போவாள். கௌரியும் தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் பாதியை அவளுக்குத் தள்ளிவிடுவாள். கேட்டால், "எனக்குப் பசிக்கேல்லை ரீச்சர்" என்று சொல்வாள்.

அப்போது பற்றரிக்கும் தடை. பாடசாலைச் சுவர் மணிக்கூடு எப்போதோ நின்றுவிட்டது. அதிபரிடம் சாவி கொடுக்கிற கைமணிக்கூடு ஒன்று இருந்தது, அது தன் எண்ணப்படி ஓடும். மணி அடிக்கிறவருக்குப் பசித்தால் இடைவேளை, களைத்தால் பள்ளிக்கூடம் விட்டது. சரி, நாங்களே ஒரு மணிக்கூடு செய்வோம் என்று தைப்பொங்கல் முடிந்த கையோடு தொடங்கினோம்.

முற்றத்தில் வெயில் மறைக்காத இடத்தில் ஆளுயரத்துக்குக் கமுகந் தடி ஒன்றை ஆழமாக நட்டு, கல்லுப் போட்டு இறுக்கினார்கள். மேசனின் தூக்குக்குண்டைப் பிடித்துப் பார்த்து நேர் செய்தோம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெரிய பெடியன்கள் மாறி மாறி மிதிக்க, டைனமோவில் றேடியோ பாடியது. றேடியோ நேரம் சொல்லும்போது, நிழலின் நுனி எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு சின்னப் பிள்ளை வெள்ளையடித்த கல் ஒன்றை வைக்கும். இடைவேளைக்கு ஒரு கல், நண்பகலுக்கு ஒரு கல், வீட்டுக்குப் போக ஒரு கல். நிழல் நாளுக்கு நாள் குறுகிக்கொண்டு போனது. அதனால் ஒவ்வொரு கிழமையும் கற்களைத் தடிக்குக் கிட்ட நகர்த்தி வைத்தோம். எல்லாக் கற்களும் தடிக்கு வடக்குப் பக்கம் வரிசையாக இருந்தன. நிழல் கல்லைத் தொட்டதும் வதனி கையை உயர்த்துவாள். கௌரி தண்டவாளத் துண்டில் மணி அடிப்பாள். பள்ளிக்கூடம் முழுவதும் அந்த இரண்டு பேரின் சொல்லுக்கு எழும்பும், இருக்கும். கௌரிக்கு அதில் இருந்த பெருமையை நான் சொல்லி விளங்காது. எனக்கும் பெருமைதான்.

சித்திரைப் புதுவருட விடுமுறை வந்தது. நிழல் அப்போது நண்பகலில் ஒரு சாண்கூட இல்லை. விடுமுறை முடிந்து வரும்போது என்ன நடந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். எங்கள் ஊருக்குச் சித்திரை நடுவில் சூரியன் உச்சிக்கு நேரே வந்து, பிறகு வடக்கே போய்விடும். ஆவணி கழியும்வரை நிழல் தெற்குப் பக்கம்தான் விழும். பிள்ளைகளின் நோட்ஸிலோ 'நண்பகலில் நிழல் வடக்கு நோக்கி விழும்' என்று கோடு போட்டு எழுதியிருந்தது. அவர்கள் வந்து பார்த்து வாய் பிளந்து நிற்கப் போகிற அழகுக்காக நான் அந்த விடுமுறை முழுவதும் காத்திருந்தேன்.

அந்த அழகை நான் பார்க்கவில்லை. தவணை தொடங்கிய நாட்களில் யாழ்ப்பாண நகரத்தில் ஆசிரியர் கருத்தரங்கு ஒன்றுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். அது முடிந்து ஒரு நண்பகலில் பாடசாலைக்கு வந்தபோது வாசலிலேயே அதிபர் என்னை மறித்தார். முகத்தில் ஒரு நிம்மதி.

"ஒரு சின்னப் பிரச்சினை வந்தது ரீச்சர். முடிஞ்சுது. பயப்பிடாதேங்கோ."

"என்ன சேர்?"

"உங்கடை தடியை லீவிலை ஆரோ பிடுங்கி, கல்லுக்கு மற்றப் பக்கம் நட்டுப்போட்டினம். மண்டபத்திலை இருக்கிற பிள்ளை ஒண்டு, லீவிலை தடியடியிலை குந்தியிருந்ததைக் கண்டவையாம். கௌரி விசாரிச்சுக் கண்டுபிடிச்சிட்டாள். தாயும் பிள்ளையும் வந்து மன்னிப்புக் கேட்டிட்டினம். விட்டாச்சு."

"எந்தப் பிள்ளை?"

"உந்தக் கதையாத பிள்ளை. வதனி."

நான் சைக்கிளைச் சுவரோடு சாத்திவிட்டு நேரே முற்றத்துக்குப் போனேன். என்னுடைய கமுகந் தடி கள்ளுக் குடித்தவனைப் போல வடக்கே சரிந்து நின்றது. நிழல் நுனி சரியாக நண்பகல் கல்லின் மேல். கௌரி பக்கத்தில் நின்றாள்.

"இதென்ன கௌரி?"

"பிடுங்கி நடக் கஷ்டமாக் கிடந்தது ரீச்சர், நிலம் இறுகிப்போச்சு. அதுதான் தள்ளி நேராக்கினனாங்கள்."

"இது நேரோ?"

"நிழல் கல்லிலை விழுகுது ரீச்சர்."

பத்தாம் ஆண்டு முழுவதும் சேர்ந்து தடியைச் சரித்துவிட்டு நேராக்கினோம் என்று நின்றது. விடையைப் பார்த்துவிட்டுக் கணக்குச் செய்கிற எங்கள் பழக்கம் முற்றம்வரை வந்துவிட்டது. இன்னொரு நாள் என்றால் வயிறு குலுங்கச் சிரித்திருப்பேன். அன்று சிரிக்க முடியவில்லை.

வதனியைக் கிணற்றடியில் கண்டேன். தனியே கூட்டிக்கொண்டு தடியடிக்கு வந்தேன்.

"தடியை நீயோ பிடுங்கினனீ?"

"ஓம் ரீச்சர்."

"எப்பிடிப் பிடுங்கினனீ எண்டு எனக்கு ஒருக்காக் காட்டு."

அவள் தடியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தாள். முகம் சிவக்கச் சிவக்க இழுத்தாள். தடி அசையவே இல்லை. பிறகு என்னைப் பார்த்து, "மெல்ல மெல்லமாப் பிடுங்கினனான் ரீச்சர்" என்றாள்.

அவளைப் போகச் சொல்லிவிட்டு மண்டபத்துக்குள் தாயைத் தேடிப் போனேன். மறைப்புக்குள் இரண்டு பெட்டி, ஒரு பாய், ஒரு அடுக்குச் சட்டி. தாய் என்னைக் கண்டதும் எழுந்து, இருக்க இடம் தேடினாள்.

"பிள்ளை அதைச் செய்யேல்லை எண்டு உங்களுக்குத் தெரியும், என்ன?"

"தெரியும் ரீச்சர். அவள் உங்கை போய்க் குந்தியிருந்து பாத்துக்கொண்டிருக்கிறவள். தொடமாட்டாள்."

"பின்னை ஏன் ஓமெண்டு சொல்லச் சொன்னனீங்கள்?"

"உவை வந்து பள்ளிக்கூடத்தைப் பழுதாக்கினம் எண்டு ஊருக்குள்ளை ஒரு கதை எழும்பினால் நான் மூண்டு பிள்ளையளையும் கொண்டு எங்கை போறது? ஒரு சொல்லுத்தானே ரீச்சர். சொல்லிப்போட்டம். முடிஞ்சுது. நீங்கள் இதைத் திரும்பக் கிளறாதேங்கோ."

இனி நான் சொல்லப் போவதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். அந்த நேரத்தில் எல்லோருக்கும் நிம்மதி. அதிபருக்கு நிம்மதி, தாய்க்கு நிம்மதி, பத்தாம் ஆண்டுக்குத் தாங்கள் கண்டுபிடித்த திருப்தி. நான் ஒருத்தி வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். ஆனால் ஒரு சின்னப் பிள்ளை செய்யாத ஒன்றைச் செய்ததாகச் சொல்லிக்கொண்டு அந்த முற்றத்தில் வளரும். அவளுக்குப் பக்கத்தில் கௌரி, தான் ஒரு கள்ளியைப் பிடித்தேன் என்று நினைத்துக்கொண்டு வளருவாள். இரண்டில் எது கெடுதல் என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

நேரே வகுப்புக்குப் போய், சூரியன் வடக்கே போய்விட்டது, நிழல் தெற்கே விழுந்ததற்கு அதுதான் காரணம் என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கியிருக்கலாம். அரைமணி நேர வேலை. நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள். பிள்ளைகள் தலையாட்டி எழுதியிருப்பார்கள். வெளியே போய், 'அகதிப் பிள்ளையிலை ரீச்சருக்கு இரக்கம், அதுதான் ஒரு கதை சொல்லுறா' என்று கதைத்திருப்பார்கள். வதனி ஒத்துக்கொண்டுவிட்டாளே! ஒத்துக்கொண்ட ஒருத்தியை விளக்கம் சொல்லி விடுவிக்க முடியாது.

அதனால் நான் வகுப்பில் வதனியின் பேரையே எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை பத்தாம் ஆண்டுக்கு ஒரு வீட்டுவேலை கொடுத்தேன்.

"நாளைக்கு உங்கடை உங்கடை வீட்டு முத்தத்திலை ஒரு தடி நடுங்கோ. நூலிலை கல்லுக் கட்டி நேர் பாருங்கோ. மத்தியானம் நிழல் ஆகக் கட்டையா வரேக்கை நுனியிலை ஒரு கல்லு வைக்கவேணும். வைக்கிறது நீங்கள் இல்லை. வீட்டிலை, ஒழுங்கையிலை இருக்கிற ஒரு சின்னப் பிள்ளை. நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு நிக்கவேணும். எந்தப் பக்கம் விழுந்தது எண்டு எழுதிக்கொண்டு, அந்தச் சின்னனையும் திங்கக்கிழமை கூட்டிக்கொண்டு வாங்கோ. ஹெலிச் சத்தம் கேட்டால் நிழலை விட்டிட்டுப் பங்கருக்குள்ளை ஓடவேணும். நிழல் அடுத்த நாளும் வரும்."

கௌரி கையை உயர்த்தினாள். "எங்கடை பக்கத்து வீட்டுச் சின்னனுக்கு வடக்குத் தெற்கே தெரியாது ரீச்சர். பள்ளிக்கூடமே போறேல்லை."

"அவனைத்தான் கூப்பிடு. அவனைவிட நல்ல ஆள் கிடைக்காது."

சனிக்கிழமை விடிந்ததும் வானத்தைப் பார்த்தேன். முழுவதும் மூட்டம். சோளகக் காற்று முகிலை அள்ளிக்கொண்டு வந்து எங்கள் தலைக்கு மேலேயே கொட்டியது. எனக்குச் சமையலில் கை ஓடவில்லை. வெயில் வராவிட்டால் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்பது எனக்குத் தெரியும். நோட்ஸைப் பார்த்து 'வடக்கு' என்று எழுதிக்கொண்டு வருவார்கள். அப்படி எல்லோரும் எழுதிவந்தால், வதனி தடியைப் பிடுங்கினாள் என்பதற்கு நானே சாட்சி தேடிக் கொடுத்தவள் ஆகிவிடுவேன். தாய் கிளற வேண்டாம் என்றாள். நான் கிளறிவிட்டேன். முற்றத்துக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். என்னுடைய மனுசன், "சூரியனுக்கும் வீட்டுவேலை குடுத்தனியோ?" என்று கேட்டார். எரிந்து விழுந்தேன்.

நண்பகலுக்குக் கிட்ட முகில் விலகியது. வெயில் வந்து முற்றத்தில் விழுந்தபோது எனக்குக் கும்பிட வேண்டும்போல இருந்தது. கும்பிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

திங்கட்கிழமை கொட்டிலுக்குள் நிற்க இடமில்லை. பெரியவர்கள், நாலாம் ஆண்டு, அதற்கு மேல் ஒழுங்கையில் இருந்த சின்னனெல்லாம். மூக்கு ஒழுகுகிறவர்கள், விரல் சூப்புகிறவர்கள். அதிபர் சத்தத்தைக் கேட்டு வந்து வாசலில் நின்றார். மண்டபத்துப் பக்கமிருந்து வதனியின் தாயும் வந்து வேலியோடு நின்றாள். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது.

ஒவ்வொருவராகக் கேட்டேன். முதலில் எழுந்தவன் சுன்னாகத்தில் இருந்து வருகிற ஒரு பெடியன். "வடக்கு ரீச்சர்" என்றான் தெளிவாக.

அவன் கூட்டிவந்த தம்பி அவனுடைய சேட்டைப் பிடித்து இழுத்தான். "பொய். நீ வெளியிலை வரவேயில்லை. நான்தான் கல்லு வைச்சனான். கிணத்துப் பக்கம் விழுந்தது."

"கிணறு எந்தப் பக்கமடா?"

பெடியன் தலையைக் குனிந்தான். "தெற்கை ரீச்சர்."

கொட்டில் சிரித்தது. பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். மாட்டுக்கொட்டில் பக்கம் என்றது ஒன்று. புகையிலைத் தோட்டப் பக்கம் என்றது இன்னொன்று. பெரியவர்கள் திசையைச் சொன்னார்கள். தெற்கு. தெற்கு. வெயில் கிடைக்கவில்லை என்று நேர்மையாகச் சொன்னவர்களும் இருந்தார்கள். போகப் போகச் சிரிப்பு அடங்கிவிட்டது. பெரிய பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தொடங்கினார்கள். என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது அவர்களுக்கு விளங்கிவிட்டது.

கௌரி கடைசியில் எழுந்தாள். பக்கத்து வீட்டுச் சின்னன் அவள் இடுப்பில் இருந்தான்.

"சனிக்கிழமை தெற்கை விழுந்தது ரீச்சர். தடி பிழை எண்டு நினைச்சு, மாமாவின்ரை தூக்குக்குண்டை வாங்கிப் பாத்தனான். தடி நேர். ஞாயிற்றுக்கிழமை வேறை இடத்திலை நட்டுப் பாத்தனான். அதுவும் தெற்கைதான்." சின்னனை மற்ற இடுப்புக்கு மாற்றினாள். "எங்கடை முத்தத்துக்கு வதனி வரேல்லை ரீச்சர்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதெல்லாம் அவளே சொல்லிவிட்டாள். அந்த மாதிரி நேரத்தில் ஆசிரியர் வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் ஆகக் கஷ்டம். என்னைக் கேட்டால், நான் என் தொழிலில் செய்த நல்ல காரியங்களில் அந்த மௌனமும் ஒன்று.

கௌரி சின்னனை இறக்கிவிட்டு நாலாம் ஆண்டு வரிசைக்குப் போனாள். வதனிக்கு முன்னால் குந்தினாள்.

"நீ செய்யேல்லை."

வதனி தன் சட்டை நுனியைத் திருகினாள்.

"பின்னை ஏனடி ஓமெண்டனீ?"

"நீங்கள் கேட்டனீங்கள் அக்கா."

அவ்வளவுதான் சொன்னாள். தாய் சொல்லச் சொன்னது பிறகு வந்த கதை. அவள் அதற்கு முன்பே, கௌரி அக்கா வந்து நின்று 'நீதானே?' என்று கேட்ட அந்த நேரத்திலேயே, ஓம் என்றிருக்கிறாள். அக்கா கேட்டால் ஓம் என்று சொல்லித்தானே அவளுக்குப் பழக்கம். கௌரி அந்த இறுகிய பின்னல்களோடு, மொனிற்றர் என்பதையெல்லாம் மறந்து, எல்லோருக்கும் முன்னால் விம்மி விம்மி அழுதாள். வதனிதான் தன் சட்டை நுனியால் அவள் முகத்தைத் துடைத்தாள்.

அதிபர் கண்ணாடியைக் கழற்றியிருந்தார். ஆனால் துடைக்கவில்லை. வேலிப் பக்கம் போய், வதனியின் தாயிடம், "அம்மா, பிழை எங்கடை. உங்களை ஆரும் இஞ்சையிருந்து எழும்பச் சொல்லமாட்டினம். சொன்னால் என்னட்டை வரச் சொல்லுங்கோ" என்றார். அடுத்த நாள் காலைப் பிரார்த்தனையில் முழுப் பள்ளிக்கூடத்துக்கும் முன்னால் அதையே திரும்பவும் சொன்னார். சத்தமாகச் சொன்னார். அவரால் அப்படிப் பேச முடியும் என்று எங்களுக்கு அதுவரை தெரியாது. சண்டை பிடிக்காத மனிதர்கள் எல்லாம் பயந்தவர்கள் என்று நினைக்காதீர்கள். அந்தத் தாய் அதற்குப் பிறகு என்னைக் காணும்போது ஒன்றும் கதைக்கமாட்டாள். அடுப்பில் ஏதாவது இருந்தால், ஒரு மூடி போட்ட கிண்ணம் கொட்டிலுக்கு வரும்.

சூரியன் ஏன் வடக்கே போனது என்ற படத்தை அதற்குப் பிறகுதான் கரும்பலகையில் போட்டேன். அன்றைக்குப் போல என் படத்தை யாரும் எந்த நாளும் பார்த்ததில்லை. நோட்ஸில் கோடு போட்டு எழுதியிருந்த வசனத்தைக் கௌரி வெட்டவில்லை. அதற்குப் பக்கத்தில் 'எங்கடை ஊரிலை எப்பவும் இல்லை' என்று எழுதியிருந்தாள். நான் சரி போட்டேன்.

எனக்கு ஒரு கவலை மட்டும் இருந்தது. வதனி மறுபடி கௌரிக்கு இரண்டடி பின்னால் போகத் தொடங்கிவிட்டாள். கௌரி அவளைத் தாங்கு தாங்கென்று தாங்கினாள், சாப்பாட்டுப் பெட்டி முழுவதையும் தள்ளிவிட்டாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அக்கா என்ன சொன்னாலும் அந்தப் பிள்ளை ஓம் என்றுதான் சொன்னாள். குற்றத்திலிருந்து அவளை மீட்டோம், அந்த ஓமிலிருந்து மீட்கவில்லை என்று எனக்குப் பட்டது. அதற்கு வீட்டுவேலை கொடுக்க முடியாது.

அந்தக் கிழமை, இரண்டு வகுப்பும் சேர்ந்த பாடவேளையில் தடியை நிமிர்த்தி நட்டோம். இனித் தெற்குப் பக்கம் புதிதாகக் கற்கள் வைக்க வேண்டும். அதற்காக அன்றைக்கு மட்டும் பாடவேளையை நண்பகலுக்கு மாற்றித் தந்தார் அதிபர். நிழல் ஆகக் கட்டையாகும் இடத்தில் வைக்கவேண்டிய நண்பகல் கல்லை வதனி கையில் வைத்துக்கொண்டு நிழலின் நுனியில் குந்தியிருந்தாள். கௌரி அவளுக்கு மேலால் குனிந்து பார்த்தாள். நல்ல வெயில். எல்லோருக்கும் பசி. வட்டமாக நின்ற பெடியன்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள்.

"சரி, இதுதான். வை" என்றாள் கௌரி.

வதனி கல்லை வைக்கவில்லை. நிழலைப் பார்த்தபடியே இருந்தாள்.

"வையன்."

"இல்லை அக்கா" என்றாள் வதனி. "இன்னும் குறையுது."

கௌரி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன். பிறகு அவள் பெடியன்கள் பக்கம் திரும்பி, "கதையாமல் நில்லுங்கோ" என்று அதட்டிவிட்டு, தானும் வதனிக்குப் பக்கத்தில் மண்ணில் குந்தினாள். நாங்கள் எல்லோரும் அந்த வெயிலில், அந்தச் சின்னப் பிள்ளை கல்லை வைக்கும்வரை காத்துக்கொண்டு நின்றோம்.